வயலின் வடிவ பேஸ்: ஜெர்மன் விலை கொடுக்காமல் எதை வாங்கலாம், வாங்கியபின் என்ன செய்யணும்?

#1 நாற்கம்பி

வணக்கம். ஜெர்மன் கம்பெனி ஹாஃப்னரின் 500/1 மாதிரி, வயலின் வடிவில் ஒரு பேஸ் கிட்டார் வாங்க வேண்டும். ஜெர்மனியில் செய்தது கட்டுப்படியாகாது. பார்த்த வரை மூன்று வகை தெரிகிறது. ஹாஃப்னர் பெயரிலேயே ஆசியாவில் செய்து வரும் இக்னிஷனும் அதற்கு மேல்படியான காண்டெம்பரரியும் ஒன்று. எபிஃபோன் வயோலா ஒன்று. கடைக்காரர்கள் தங்கள் பெயரை ஒட்டி விற்கும் பிரதிகள் மூன்றாவது. வழக்கமான முழு நீள 34 அங்குல பேஸ் ஒன்று ஏற்கெனவே கையில் உண்டு. இது அந்தப் பழைய, சட்டென்று அடங்கும் 'தும்' ஒலிக்காக மட்டும். எதை வைத்து முடிவெடுப்பது? பழைய சாமான் வாங்கினால் எதைச் சோதிப்பது? கம்பி எது?

#2 தாழ்சுருதி

முதலில் ஒன்று தெளிவாகட்டும். அந்த 'தும்' வருவது வடிவத்தால் இல்லை, உள்ளே வெறும் கூடாக இருப்பதால். வயலின் வடிவத்தில் மின்சார பேஸை 1953-லேயே கிப்சன் கொண்டு வந்துவிட்டது, ஈ.பி.-1 என்று பின்னால் பெயர் பெற்றது அதுதான். ஆனால் அது கெட்டி மஹோகனிக் கட்டை. வால்டர் ஹாஃப்னர் 1955-ல் 500/1-ஐ வடிவமைத்து 1956-ல் ஃபிராங்பர்ட் இசைக்கருவிக் கண்காட்சியில் வைத்தபோது செய்த மாற்றமே உடலைக் கூடாக்கியதுதான். 1887-ல் ஷோன்பாக்கில் வயலின் செய்து தொடங்கிய பட்டறை அது. ஸ்ப்ரூஸ் முகம், மேப்பிள் முதுகு, மேப்பிள் பக்கம் என்று அவர்களுக்குக் கை பழகிய வேலையையே பேஸுக்கும் செய்தார்கள். ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 30 அங்குலம், அதாவது 762 மி.மீ.

ஆகவே எந்தப் பிரதியைக் கையில் எடுத்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உள்ளே நடுக்கட்டை இருக்கிறதா இல்லையா என்பது. காண்டெம்பரரியில் உண்டு. அதனால் ஓசை கொஞ்சம் நீளமாக நிற்கும், மேடையில் ஊளையிடுவதும் (ஆம்ப்ளிஃபையர் ஓசை திரும்பக் கருவிக்குள் புகுந்து வீரிடுவது) குறையும். நீங்கள் கேட்கும் சட்டென்று அடங்கும் ஒலிக்கு முழுக்கக் கூடாக இருப்பதே சரி, அதற்கு இக்னிஷன் போதும். விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். முகப்பலகையை விரல் கணுவால் நெக் (கழுத்து) பக்கத்திலிருந்து டெயில்பீஸ் (கம்பிகளைப் பின்னால் பிடிக்கும் தகடு) வரை தட்டிக்கொண்டே போங்கள். நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி கும்மென்று கேட்டால் கூடு. நடுவில் மட்டும் மந்தமாக 'டக்' என்றால் கட்டை இருக்கிறது. எடையும் சொல்லிவிடும். முழுக் கூடு இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும்.

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் காந்தச் சுருள்) இருக்கும் இடத்தையும் பாருங்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கியதில் இரண்டு பிக்கப்பும் நெக் பக்கம் நெருங்கி இருக்கும். 1972-ல் களவு போய், திரும்பக் கிடைத்ததாக 2024 பிப்ரவரியில் அறிவித்தார்களே, அந்தக் கருவிதான். 'கேவர்ன்' என்ற பெயரில் வரும் மாடல்கள் அந்த அமைப்பு. 1963-ல் அவர் கைக்கு வந்ததில் ஒன்று நெக் அருகிலும் மற்றது பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் குதிரை) அருகிலும் இருக்கும். சாதாரண இக்னிஷன் இந்த இரண்டாவது அமைப்பு. வாசிப்பில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பின்னதில் பிரிட்ஜ் பிக்கப் தரும் கடித்துக் கேட்கும் ஓசை முன்னதில் கிடையாது.

#3 மேப்பிள்_முதுகு

தாழ்சுருதி அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். எபிஃபோன் வயோலாவைப் பற்றி அவர் பேசவில்லை, அதை அவ்வளவு எளிதாகத் தள்ள வேண்டாம். அதன் ஸ்கேல் 30.5 அங்குலம், பிக்கப் மினி ஹம்பக்கர் (சிறிய இரட்டைச் சுருள் வகை). ஒலி 500/1-ஐ விடத் தடிப்பு. ஹாஃப்னரின் அந்தச் சறுக்கு சுவிட்ச் பலகை அதில் கிடையாது, ஆகவே பழுதுபார்க்கும் இடமும் குறைவு. ராக் வாசிப்பவருக்கு நல்ல கருவி. அதை வாங்கிவிட்டு "ஹாஃப்னர் மாதிரி இல்லையே" என்று வருந்துவதுதான் தவறு.

#4 உப்புத்தாள்

பழையதை வாங்கப் போகிறவருக்கு. கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியவை: 30 செ.மீ. எஃகு அளவுகோல், ஃபீலர் கேஜ் (நுண்ணிய இடைவெளி அளக்கும் தகடுகள்), சின்ன டார்ச், ட்யூனர், மல்டிமீட்டர், 4 மற்றும் 5 மி.மீ. ஆலன் கீ.

எல்லாவற்றுக்கும் முன் நெக் கோணம். முழுச் சுருதிக்கு ஏற்றியபின் 12-வது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஃப்ரெட் தலைக்கும் கம்பிக்கும் இடைவெளியை அளக்கவும். ஈ கம்பி (தடித்தது) 2.0 முதல் 2.4, ஜி கம்பி (மெல்லியது) 1.6 முதல் 2.0 மி.மீ. வந்தால் வசதியான ஆக்‌ஷன். இப்போது பிரிட்ஜின் திருகு சக்கரங்களைப் பாருங்கள். அந்த அளவு வந்தபோது சக்கரத்துக்குக் கீழே இன்னும் 2 மி.மீ.யாவது இறங்க இடம் இருக்க வேண்டும். சக்கரம் அடிக்கட்டையில் உட்கார்ந்துவிட்டது, கம்பியோ 3 மி.மீ. உயரத்தில் நிற்கிறது என்றால் நெக் முன்னால் சாய்ந்திருக்கிறது. நெக்கை ஒட்டியிருந்தால் அதைக் கழற்றித் திரும்ப ஒட்டும் கூலி கருவியின் விலையையே தொட்டுவிடும், விட்டுவிட்டு வந்துவிடுங்கள். திருகில் நிற்கும் நெக் என்றால் பயமில்லை, பொருத்தும் குழியில் அரை மி.மீ. மேப்பிள் சீவல் வைத்தால் சரியாகும்.

அடுத்து ஹீல். நெக் உடலோடு சேரும் கோட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். வார்னிஷில் தலைமுடி போன்ற கீறல் மட்டும் இருந்தால் பரவாயில்லை. அந்த இடத்தில் விசிட்டிங் கார்டின் ஓரம் நுழைந்தால் ஒட்டு விட்டுவிட்டது.

டிரஸ் ராட் (நெக்குக்குள் அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) சுற்றுகிறதா என்று விற்பவர் சம்மதத்தோடு கால் சுற்று மட்டும் திருகிப் பார்த்துத் திரும்பக் கொண்டுவரவும். ஏற்கெனவே இறுகி நின்றுவிட்டதென்றால் அதற்கு மேல் நெக்கை நிமிர்த்த வழியில்லை. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் 7, 8-வது ஃப்ரெட் அருகே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும்.

#5 நாற்கம்பி

மிக்க நன்றி. ஒரு இக்னிஷனைக் கேட்டு வைத்திருக்கிறேன். அதில் ஜி கம்பி 12-வது ஃப்ரெட்டில் சுருதி ஏறிக் கேட்கிறது, ஈ கம்பியும் அப்படியே. ட்யூனிங் நிற்காத கருவி என்று அர்த்தமா?

#6 உப்புத்தாள்

இல்லை. பிரிட்ஜ் இடம் மாறியிருக்கிறது. இந்த பேஸில் பிரிட்ஜை எதுவும் திருகிப் பிடித்திருக்காது. வயலின் குதிரை போலவே கம்பி அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. யாரோ நான்கு கம்பியையும் ஒரே சமயம் கழற்றி, குதிரை விழுந்து, கண்மதிப்பில் திரும்ப வைத்திருப்பார்கள். விற்பனைக்கு வரும் வயலின் பேஸில் பாதிக் குறை இதுவே. விலை பேசவும் உதவும்.

சரிசெய்யும் முறையைச் சொல்கிறேன். ஜீரோ ஃப்ரெட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம், கம்பி அதிரத் தொடங்கும் இடத்து ஃப்ரெட்) 12-வது ஃப்ரெட் 381 மி.மீ. அங்கிருந்து ஜி கம்பி உட்காரும் புள்ளி 383 அல்லது 384-ல், ஈ கம்பி 387 அளவில் வரும்படி குதிரையைச் சற்றுச் சாய்வாக வையுங்கள். இது தொடக்கம்தான், இறுதி அளவு கம்பியைப் பொறுத்தது. 12-ல் அழுத்திய ஸ்வரம் அதே இடத்து ஹார்மோனிக்கை (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஓசை) விட ஏறியிருந்தால் குதிரையை டெயில்பீஸ் பக்கம் தள்ளவும், இறங்கியிருந்தால் நெக் பக்கம். ஈ, ஜி இரண்டையும் இப்படிக் குதிரையை நகர்த்தியே முடியுங்கள். பிறகுதான் ஏ, டி.

குதிரையின் தலையில் ஃப்ரெட் கம்பித் துண்டு நான்கு செருகியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் அடுத்தடுத்து சில பள்ளங்கள். ஏ, டி துண்டை ஒரு பள்ளம் முன்னால் அல்லது பின்னால் மாற்றினால் மிச்ச வித்தியாசம் தீரும். நகர்த்தும் முன் அந்தக் கம்பியை இரண்டு சுருதி தளர்த்தவும். முழு இழுவையில் குதிரையைத் தள்ளினால் அடிக்கட்டை வார்னிஷைச் சிராய்க்கும். எல்லாம் சரியானதும் அடிக்கட்டையின் நான்கு மூலையிலும் மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டிப் பென்சிலால் கோடு போடுங்கள். டேப்பை ஒரு வாரத்துக்கு மேல் விடக்கூடாது, மலிவான வார்னிஷை உரித்துக்கொண்டு வரும். கோட்டின் தூரத்தை அளந்து எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மட்டும் மாற்றவும்.

#7 மேப்பிள்_முதுகு

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். விலை குறைந்த பிரதிகளில் குதிரையின் அடி தட்டையாக இருக்கும், முகப்பலகையோ வளைந்திருக்கும். இரண்டு ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டு நடுவில் வெளிச்சம் தெரியும். ஒலி மெலிந்து கேட்க இதுவும் ஒரு காரணம், பிக்கப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. குதிரை நிற்கும் இடத்தைச் சுற்றி முகப்பலகையில் டேப் ஒட்டிவிட்டு, 120 எண் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே பார்க்கும்படி அங்கே வைத்து, குதிரையை அதன்மேல் நெக் திசையில் முன்னும் பின்னும் தேயுங்கள். பக்கவாட்டில் தேய்த்தால் வளைவு ஒட்டாது. அடி முழுக்கப் புதுக் கோடு விழுந்ததும் 240-க்கு மாறி முடிக்கவும். சக்கரத்தில் இறங்க இடம் இல்லாத கருவிக்கும் இதே வழியில் ஒரு மி.மீ. கிடைக்கும்.

பள்ளத்தில் ஃப்ரெட் துண்டு ஆடினால் 'ஸ்ஸ்' என்று ஒரு அதிர்வு வரும். சூப்பர் குளூ விட வேண்டாம், பிறகு நகர்த்தவே முடியாது. துண்டின் அடித் தகட்டைக் குறட்டால் மெல்ல நெளித்துச் செருகினால் இறுகிவிடும்.

#8 தாழ்சுருதி

கம்பி விஷயத்தில் நான் சற்று அழுத்தியே சொல்வேன். பெட்டியிலிருந்து வரும் ரவுண்ட்வவுண்ட் (உருண்டை இழை சுற்றிய) கம்பியை வைத்துக்கொண்டு இந்த பேஸை மதிப்பிடவே கூடாது. ஃபிளாட்வவுண்ட் (தட்டை இழை சுற்றிய, வழவழப்பான) கம்பி போட்டபின்தான் இது என்ன கருவி என்பதே தெரியும். லா பெல்லா இந்த பேஸுக்கென்றே 760எஃப்.ஹெச்.பி.2 என்ற செட் செய்கிறது. கனம் 39, 56, 77, 96 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்). ஹாஃப்னரே ஃபிளாட் செட் விற்கிறது, பிரமிட், தொமாஸ்டிக் இரண்டும் நல்லவை.

'ஷார்ட் ஸ்கேல்' என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். சாதாரணக் குட்டை பேஸில் கம்பி முனையில் உள்ள உலோகப் பந்து குதிரைக்கு ஒட்டியே இருக்கும். இதில் பந்து உட்காரும் டெயில்பீஸ் குதிரைக்கு வெகு பின்னால் இருக்கிறது, அந்தத் தூரத்தையும் கம்பி தாண்டியாக வேண்டும். தையல் நாடாவைப் பந்து உட்காரும் இடத்தில் பிடித்து, குதிரைக்கு மேலாக நட் (தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பள்ளக் கட்டை) வரை அளந்துகொள்ளுங்கள். பந்திலிருந்து, கம்பியின் மறுமுனையில் சுற்றிய பட்டு நூல் தொடங்கும் இடம் வரை கம்பியின் முழுக்கனப் பகுதி அந்த அளவை விட 2 முதல் 5 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் பட்டு நூல் ஜீரோ ஃப்ரெட் மேல் வந்து உட்காரும், திறந்த கம்பி செத்த ஒலி தரும். ரொம்பவும் நீண்டால் முழுக்கனப் பகுதி முறுக்காணித் தண்டில் சுற்றிக்கொள்ளும், ஃபிளாட் கம்பி அங்கே மடிந்து உடையும்.

34 அங்குல ஃபிளாட்டை வெட்டிப் போடலாமா என்று அடுத்த கேள்வி வரும். கூடாது, இதே காரணம்தான். சரியான செட்டிலும் நுனியை வெட்டும்போது முதலில் 90 டிகிரி மடித்துவிட்டு, மடிப்புக்கு வெளியே வெட்டவும். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்ளே பிரிந்து ஒலி போய்விடும்.

#9 கம்பிச்சுருள்

தாழ்சுருதி சார், ஒரு சின்ன மறுப்பு. பிளெக்ட்ரம் (மீட்டும் சிறு தகடு) வைத்து வாசிக்கிறவருக்கு, பிரிட்ஜ் பிக்கப்பில் பளிச்சென்ற ஓசை வேண்டுமென்றால் மெல்லிய ரவுண்ட்வவுண்டும் இதில் நன்றாகவே வரும். ஃபிளாட் ஒன்றே வழி என்று புதியவர்கள் நினைத்துவிடக் கூடாது.

#10 தாழ்சுருதி

ஏற்கிறேன். கேட்டவர் அடங்கிய 'தும்' கேட்டதால் அப்படிச் சொன்னேன். ரவுண்ட் போட்டாலும் நீள அளவு மட்டும் அதே விதிதான்.

#11 மாலைத்_தென்றல்

நானும் இதே வகைப் பிரதி வைத்திருப்பவர்களுக்காகக் கேட்கிறேன். ஏ கம்பியைத் திறந்து வாசித்தால் கரகரக்கிறது, எந்த ஃப்ரெட்டை அழுத்தினாலும் சுத்தம். நட் பள்ளம் ஆழமாகிவிட்டதா?

#12 உப்புத்தாள்

ஜீரோ ஃப்ரெட் உள்ள கருவியா என்று முதலில் பாருங்கள். நட்டுக்கு முன்னால் ஒரு ஃப்ரெட் இருந்தால் உயரத்தை முடிவு செய்வது அதுதான், நட் கம்பியை வழிநடத்தும் சீப்பு மட்டுமே. நட் எவ்வளவு ஆழமானாலும் இந்தக் கரகரப்பு வராது. காரணம் இரண்டில் ஒன்று. நட் பள்ளம் ஆழம் போதாமல் கம்பி ஜீரோ ஃப்ரெட்டைத் தொட்டும் தொடாமலும் மிதக்கலாம். அப்படியானால் நட்டுக்கும் ஜீரோ ஃப்ரெட்டுக்கும் நடுவே கம்பியை விரலால் அழுத்தினதும் கரகரப்பு நிற்கும். பள்ளத்தைக் கம்பியின் கனத்துக்கு ஏற்ற அரத்தால் முறுக்காணிப் பக்கம் சரியும்படி மெல்ல இறக்குங்கள். அழுத்தியும் நிற்கவில்லையா, ஜீரோ ஃப்ரெட்டில் கம்பி கோடு அறுத்திருக்கிறது. கம்பியை ஓரம் தள்ளி டார்ச்சில் பார்த்தால் நகக்கீறல் போல் பள்ளம் தெரியும். மற்ற ஃப்ரெட்டுகளைத் தொட வேண்டாம். அந்த ஒன்றைச் சால்டரிங் அயர்ன் வைத்துச் சூடாக்கி எடுத்து, கொஞ்சம் உயரமான ஃப்ரெட் கம்பியாகப் போட்டால் முடிந்தது.

#13 நாற்கம்பி

இக்னிஷன் கைக்கு வந்துவிட்டது. சுவிட்சுகள் புரியவில்லை. 'பேஸ் ஆன்', 'டிரெபிள் ஆன்' இரண்டையும் ஆன் செய்தால் ஒலி மெலிந்துபோகிறது. வயரிங் தப்பா?

#14 கம்பிச்சுருள்

தப்பில்லை, அந்தப் பெயர்கள்தான் ஆளைக் குழப்புகின்றன. ஹாஃப்னர் பலகையில் அந்த சுவிட்ச் எதையும் போடுவதில்லை, மற்றதை அணைக்கிறது. 'பேஸ் ஆன்' செய்தால் பிரிட்ஜ் பிக்கப் அணையும். 'டிரெபிள் ஆன்' செய்தால் நெக் பிக்கப் அணையும். ஆகவே இரண்டும் ஆஃபில் இருக்கும்போதுதான் இரண்டு பிக்கப்பும் பேசும். 'ரிதம்/சோலோ' என்பது ஓசையின் அளவைக் குறைக்கவும் முழுமையாக்கவும் மட்டும். வீட்டில் பயிலும்போது சோலோவிலேயே விட்டுவிடுங்கள்.

பிரதிகளில் வயரிங் மாறி வருவதுண்டு, அதனால் பெயரைப் பார்க்காமல் சோதித்து எழுதிக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையரை மெல்லிய சத்தத்தில் வைத்து, ஒவ்வொரு சுவிட்ச் நிலையிலும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பிக்கப்பின் முளைகளைத் தொடவும். 'டொக்' என்று எதில் கேட்கிறதோ அது உயிரோடு இருக்கிறது. இரண்டு வால்யூமில் எது எந்தப் பிக்கப்புக்கு என்பதையும் இப்படியே கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று. இரண்டு பிக்கப்பும் இருக்கும்போது ஒரு வால்யூமைச் சுழியாக்கினால் மொத்தமும் மௌனமானால், அந்த வால்யூமின் பொட்டென்ஷியோமீட்டரில் பிக்கப் வயர் ஓரக் காலிலும் வெளியே போகும் வயர் நடுக்காலிலும் இருக்கிறது. சுழியில் நடுக்கால் எர்த்தோடு சேர்ந்துவிடுவதால் மற்றதும் போய்விடுகிறது. இரண்டு பொட்டென்ஷியோமீட்டரிலும் அந்த இரு வயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் தனித்தனியாக வேலை செய்யும். விலையாக, வால்யூமைக் குறைக்கும்போது ஒலி கொஞ்சம் மங்கும்.

#15 கம்பிச்சுருள்

மின்பக்கம் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மலிவுப் பதிப்புகளில் முதலில் கெடுவது சறுக்கு சுவிட்ச், அடுத்து ஜாக். கடற்கரை ஊர்களில் சுவிட்ச் தகடு சீக்கிரம் கறுத்துவிடும். கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். பலகையின் நான்கு சின்னத் திருகுகளைக் கழற்றும்போது வயரை இழுக்காமல் தூக்கவும், பிரதிகளில் வயர் மெல்லிசு. திருகு பிடிக்காமல் சுற்றினால் அந்தத் துளையில் பல்குச்சித் துண்டைப் பசையோடு செருகி, காய்ந்தபின் போடவும்.

ஜாக்கின் நட் தளர்ந்ததும் உடனே இறுக்க வேண்டும். ஜாக் சுற்றச் சுற்ற உள்ளே வயர் முறுக்கி அறுந்துவிடும். ஜாக் உள்ளே விழுந்துவிட்டால் பதற வேண்டாம். ஒரு மெல்லிய கம்பியை ஜாக் துளை வழியே உள்ளே விட்டு, பலகைத் திறப்பு வழியாக வெளியே எடுத்து, ஜாக்கின் வாய்க்குள் கொடுத்து நுனியைக் கொக்கி போல மடித்து இழுத்தால் தானாகத் துளைக்கு வந்து உட்காரும். மேலே வாஷரும் நட்டும் போட்ட பிறகு கம்பியை உருவிக்கொள்ளுங்கள்.

கையைக் கம்பியிலிருந்து எடுத்ததும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஏறினால் பிக்கப்பும் சுவிட்சும் இரைகின்றன என்று பொருள், அது ஓரளவு இயல்பு. கை கம்பியில் இருந்தாலும் அதே இரைச்சல் என்றால் டெயில்பீஸின் எர்த் வயர் அறுந்திருக்கிறது. மல்டிமீட்டரில் டெயில்பீஸுக்கும் ஜாக்கின் வெளித் தகட்டுக்கும் இடையே ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் டெயில்பீஸ் திருகைக் கழற்றி, அடியில் வரும் வயரின் நுனியைச் சுரண்டிப் பளபளப்பாக்கித் தகட்டுக்குக் கீழே அழுந்தும்படி வைத்து இறுக்கவும்.

#16 மேப்பிள்_முதுகு

பிக்கப் மாற்றலாமா என்று யாரும் கேட்கும் முன் என் கருத்து: கடைசியில். ஃபிளாட் கம்பி, குதிரை அடி, சுருதி இடம், பிக்கப் உயரம் இவை நான்கும் முடிந்தபின் ஒரு மாதம் வாசித்துப் பார்க்கவும். அதன்பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் மாற்றலாம். அப்போதும் சட்டத்தின் நீள அகலம், திருகு துளைத் தூரம், உடலுக்குள் இருக்கும் ஆழம் மூன்றையும் அளந்த பிறகே வாங்கவும். ஹாஃப்னர் பிக்கப் பிரதியின் குழியில் அப்படியே உட்காரும் என்ற உறுதி கிடையாது, கூட்டு முகப்பலகையை அறுத்துப் பெரிதாக்குவது திரும்ப முடியாத வேலை.

#17 நாற்கம்பி

இரண்டு கடைசிக் கேள்வி. மேடையில் ஊளை, தலை கீழே தாழ்வது. இந்த இரண்டையும் எல்லோரும் சொல்கிறார்கள்.

#18 தாழ்சுருதி

ஊளைக்கு: ஆம்ப்ளிஃபையருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், எந்த ஸ்வரத்தில் ஊளையிடுகிறதோ அந்த அலைவரிசையை மட்டும் ஈக்வலைசரில் குறையுங்கள். குதிரைக்கு முன்னால் கம்பிகளுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு வையுங்கள். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சின் மெத்தென்ற பகுதி போதும், ஒன்றரை செ.மீ. அகலம், கம்பியைத் தொட்டால் போதும், மேலே தூக்கக் கூடாது. நீங்கள் கேட்ட 'தும்' இன்னும் அடங்கி வரும். உள்ளே துணி அடைக்கும் வேலை மட்டும் வேண்டாம், வயர் அதில் மாட்டும்.

தலை தாழ்வது முழுக் கூடாக உள்ள கருவியில் உடல் லேசாக இருப்பதால். கனமான முறுக்காணி போட்ட பிரதிகளில் அதிகம். சொரசொரப்பான, 6 செ.மீ.க்குக் குறையாத அகலமுள்ள தோல் அல்லது பருத்திப் பட்டை போட்டால் தோளில் வழுக்காது. பட்டைக் குமிழின் திருகு கட்டையில் இறங்கியிருக்கிறதா என்று அதை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மெல்லிய பக்கப்பலகையில் மட்டும் நின்றால் என்றாவது ஒருநாள் பிடுங்கிக்கொள்ளும்.

#19 இடக்கைக்காரன்

உடல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே, வலக்கைப் பிரதியைத் திருப்பி இடக்கைக்கு ஆக்கலாமா?

#20 உப்புத்தாள்

ஆகும், ஜீரோ ஃப்ரெட் இருந்தால் இன்னும் எளிது, ஏனென்றால் நட்டை மட்டும் மாற்றினால் உயரம் மாறாது. நட்டைப் புதிதாக வெட்ட வேண்டும், பழைய பள்ளங்களில் ஈ கம்பி உட்காராது. குதிரையைத் திருப்பி வைத்துச் சாய்வை எதிர்ப்பக்கமாக மாற்றி, ஃப்ரெட் துண்டுகளைப் புதிய வரிசைக்கு அடுக்குங்கள். டெயில்பீஸில் பந்துத் துளைகள் நான்கும் ஒரே அளவா என்று பாருங்கள், ஜி பக்கத் துளை சிறிதாக இருந்தால் ஈ கம்பியின் பந்து இறங்காது, உருண்டை அரத்தால் விரிக்க வேண்டும். சுவிட்ச் பலகையும் ஜாக்கும் மேல்பக்கம் வந்துவிடும், வாசிக்கும் முன்கை வால்யூமில் உரசும். பக்கக் கோட்டுப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாத பக்கம் போய்விடும், மறுபக்கம் 2 மி.மீ. ஒட்டுப் புள்ளிகள் வைத்துக்கொள்ளுங்கள். இடக்கை இக்னிஷன் கடையிலேயே கிடைக்கிற இடத்தில் இருந்தால் அதை வாங்குங்கள், இந்த வேலை நல்ல நட் வெட்டுபவர் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்.